உதட்டைத் தாண்டிய சாயம்

எங்கள் வீட்டுக்குள் விளையாட்டு ஒப்பனைப் பெட்டி நுழைந்தது என் மாமியார் கையால். அதைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னவர் என் அப்பா. நடுவில் நான். பேரப்பிள்ளைகள் என்றால் இருவருக்கும் உயிர். அதனால்தான் சண்டையும் சீக்கிரத்தில் ஓயவில்லை.

மகளுக்கு அப்போது நாலு வயது முடிந்திருந்தது. மகன் அவளைவிட ஒன்றரை வயது சின்னவன். பெட்டிக்குள் லிப்ஸ்டிக், கன்னத்துக்கு இளஞ்சிவப்புத் தூள், கண்ணிமைக்கு மினுக்கும் பொடி, நாலைந்து நெயில் பாலிஷ் குப்பிகள், தூரிகை, கையடக்கக் கண்ணாடி. "ஆசையா கேக்குது குழந்தை. இந்த வயசுல போட்டு விளையாடாம வேற எப்போ?" என்றார் அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்). "இப்பவே மூஞ்சிக்குச் சாயம் பூசிப் பழக்கினா, நாளைக்கு அது இல்லாம வாசல் தாண்டமாட்டா" என்றார் அப்பா. இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்ததுதான் தொல்லை.

இந்த வாக்குவாதம் நடக்கும்போது மகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கன்னத்துக்கான தூளை நெற்றி முழுக்க அப்பியிருந்தாள். லிப்ஸ்டிக் மூக்கின் கீழே தொடங்கி முகவாய் வரை போயிருந்தது. கேட்டால், அவள் தீயணைப்பு வண்டி. தம்பிக்கும் ஆறு மீசை வரைந்து அவனைப் பூனையாக்கியிருந்தாள். அழகாக இருக்க வேண்டும் என்கிற எண்ணம் அந்த இடத்தில் எந்தப் பக்கமும் இல்லை. இரண்டு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகள் ஒன்றை இன்னொன்றாகப் பாவித்து விளையாடுவதைப் பற்றி சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே நிறைய எழுதியிருக்கிறார். குச்சி குதிரையாகும் அதே கணக்கில்தான் சிவப்புச் சாயம் தீயணைப்பு வண்டியாகிறது.

பெரியவர்கள் அதற்குள் நுழைந்ததும் நடந்தது வேறு. அத்தை பஞ்சை எடுத்து, உதட்டுக்கு வெளியே போனதைத் துடைத்து, "உதட்டைத் தாண்டக் கூடாதுடா கண்ணு, இப்படி வா" என்று ஒழுங்காகப் பூசிவிட்டார். "இப்பத்தான் அழகா இருக்கே." அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அசிங்கமா இருக்கு, போய்க் கழுவிட்டு வா" என்றார். ஒருவர் ஒப்பனைக்கு ஆதரவு, இன்னொருவர் எதிர்ப்பு. ஆனால் குழந்தையின் காதில் விழுந்தது ஒரே செய்தி: உன் முகம் மற்றவர்கள் பார்ப்பதற்கு இருக்கிறது, அது சரியாக இருக்கிறதா என்று நாங்கள் சொல்வோம். தீயணைப்பு வண்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பக்கம் கிடைத்தது அன்றுதான். போடலாமா கூடாதா என்பதை விட்டுவிட்டேன். பூசியது போகும், சொன்னது போகாது. அதனால் எது பூசுகிறோம், பூசியதைப் பார்த்து என்ன சொல்கிறோம் என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டேன். முதலாவதைப் பொருளின் லேபிளைப் பார்த்து முடிவு செய்யலாம். இரண்டாவதற்குத்தான் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.

உட்கார்ந்து என்றால், குழந்தைகள் தூங்கிய பிறகு, ஒவ்வொருவரோடும் தனியாக. குழந்தை முன்னால் பேசினால் எந்தத் தாத்தாவும் விட்டுக்கொடுக்கமாட்டார், மகள் முன்னால் தோற்பதே கஷ்டம், பேத்தி முன்னால் முடியவே முடியாது. "ஏன் வேண்டாங்கறீங்க" என்று கேட்டால் விவாதமாகிவிடும். "என்ன ஆயிடும்னு பயப்படறீங்க, அப்பா?" என்று கேட்டேன். முதலில் தோலைச் சொன்னார். பிறகு, வெளியில் யாராவது பார்த்து ஏதாவது சொல்வார்கள் என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சின்னப் பொண்ணைப் பெரிய பொண்ணா காட்டற எதுவும் எனக்குப் பிடிக்கல" என்றார்.

அந்தக் கடைசிப் பயத்தைப் பழைய காலத்து மனுஷர் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. சிறுமிகளைப் பெரிய பெண்களின் சாயலில், பார்வைக்குரிய பொருளாகக் காட்டும் போக்கைப் பற்றி அமெரிக்க உளவியல் சங்கம் ஒரு குழுவே அமைத்து 2007-இல் அறிக்கை வெளியிட்டது. தன் உடலைப் பற்றிய அதிருப்தி, சாப்பாட்டுக் கோளாறுகள், மனச்சோர்வு ஆகியவற்றோடு அந்தப் போக்குக்குத் தொடர்பு இருப்பதாக அது சொல்கிறது. அப்பா அந்த அறிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னது கிட்டத்தட்ட அதைத்தான். நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க பயப்படறது நியாயம்ப்பா. ஆனா நெத்தியில சிவப்புப் பூசிக்கிட்டு வண்டி ஓட்டறவ பெரிய பொண்ணா ஆகப் பாக்கல. என்னைக்காவது 'நான் இப்படியே இருந்தா நல்லா இல்லை'ன்னு சொன்னா, அன்னைக்கு நானும் உங்க பக்கம்." அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கியது. ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன்.

அத்தையிடம் பேசியதுதான் கடினமாக இருந்தது. எதிர்ப்பவரைச் சமாதானப்படுத்தலாம். ஆசையாகப் பரிசு கொடுத்தவரிடம், "கொடுத்தது சரி, கொடுத்த பிறகு செய்வதுதான் சரியில்லை" என்பதை எப்படிச் சொல்வது? அவர் சின்ன வயதில் இப்படி எதுவும் கைக்குக் கிடைக்காமல் வளர்ந்தவர் என்று அப்போது தெரிந்தது. பேத்திக்குப் பூசிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தார். ஆகவே, பூசிவிடாதீர்கள் என்று சொல்லாமல், "அத்தை, நீங்க அவளுக்குப் போடறதுக்குப் பதிலா அவ உங்களுக்குப் போடட்டுமே" என்றேன். சொன்ன அன்றே பலித்தது. பேத்தி பாட்டியின் புருவத்துக்கு நீலம் அடித்தாள், மூக்கு நுனியில் மினுமினுப்பு வைத்தாள். பாட்டி முகத்தில் சாயம் எங்கே தாண்டினாலும் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. இன்று இதே சண்டையில் மாட்டியிருக்கும் யாராவது என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இனி பொருள் விவகாரம். இதில் அப்பா பயந்தது வீண் இல்லை, அத்தை நம்பியதும் முழுக்கச் சரியில்லை. "குழந்தைங்களுக்குன்னே பண்ணது" என்று அட்டையைக் காட்டினார் அத்தை. அட்டையில் படமும் இளஞ்சிவப்பும் இருந்தால் உள்ளே இருப்பது குழந்தைத் தோலுக்காகச் சோதிக்கப்பட்டது என்று அர்த்தமில்லை. 2019-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், சிறுமிகளைக் குறிவைத்து விற்ற சில முகத்தூள்களில் புற்றுநோய் தரக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததை உறுதிசெய்து எச்சரித்தது. முகத்தூளில் சேர்க்கும் டால்க், ஆஸ்பெஸ்டாஸ் இரண்டும் பூமிக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் கனிமங்கள், வெட்டி எடுக்கும்போதே கலந்துவிடலாம். இதைப் படித்த பிறகு எங்கள் பெட்டியிலிருந்து தூள் வகை அத்தனையும் வெளியே போனது. தூள் என்றால் சுவாசத்தோடு உள்ளே போகும் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

உதட்டில் பூசுவதைக் குழந்தை நக்கித் தின்னும். பெரியவர்களும்தான் தின்கிறோம், ஆனால் நம் எடை வேறு, அவர்கள் எடை வேறு. உதட்டுச்சாயத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக் கூடாது என்பது அதே நிர்வாகத்தின் பரிந்துரை. வீட்டில் உட்கார்ந்து ஈயத்தை அளக்க வழியில்லை. நாம் செய்யக்கூடியது, தயாரித்தவர் பெயர், முகவரி, சேர்மானப் பட்டியல், தொகுதி எண் ஆகிய நாலும் இல்லாத பொருளைத் தொடாமல் இருப்பது. பட்டியலே இல்லாத மலிவுப் பெட்டியில் எதைச் சோதித்துப் பார்ப்பது? கண் மைக்கும் அதே பரிசோதனை, இன்னும் கறாராக. உலகின் பல இடங்களில் விற்கும் சில மை வகைகளில் ஈயம் நிறைய இருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் கண்ணுக்குள் போகும் எதுவும் விளையாட்டில் இல்லை.

பட்டியல் இருந்தால் நான் தேடும் பெயர்கள் சில. மெத்தில்ஐசோதயசோலினோன், ஒவ்வாமை தரும் பதப்படுத்தி. பூசி அப்படியே விட்டுவிடும் பொருள்களில் இதை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடுத்துவிட்டது. டிஎம்டிஎம் ஹைடன்டாயின், குவாட்டர்னியம்-15 இரண்டும் ஃபார்மால்டிஹைட் என்ற, ஒவ்வாமை தரும் வேதிப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும் பதப்படுத்திகள். அப்புறம் வாசனைப் பொருள். முகர்ந்தால் வாசனை இல்லை என்பதால் வாசனைப் பொருள் சேர்க்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நெடியை மறைக்க இன்னொன்றைச் சேர்த்திருக்கலாம். பட்டியலில் அந்தப் பெயரே இல்லாமல் இருக்க வேண்டும். பொம்மைக்குப் பூசுவதற்கென்று விற்பது கூடக் குழந்தையின் கன்னத்துக்குத்தான் போகும். ஐரோப்பாவின் 2009-ஆம் ஆண்டு பொம்மைப் பாதுகாப்பு விதி, பொம்மைக்கான ஒப்பனைப் பொருளும் மனிதருக்கான ஒப்பனைச் சட்டத்துக்கு உட்பட வேண்டும் என்று சொல்வது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. அந்த விதியை எழுதிய குழுவில் யாரோ ஒரு தாய் இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் எங்களுக்கு வந்தது வேறு வழியாக வந்தது. ஒரு நாள் மகளின் இடது கண்ணிமை சிவந்து, செதில் செதிலாக உரிந்து, அரித்தது. "அந்த மினுமினுப்புப் பொடிதான்" என்றார் அப்பா. அது பெட்டியை விட்டுப் போய் வெகு நாளாகியிருந்தது. "சோப்பை மாத்தினீங்களே, அதான்" என்றார் அத்தை. தோல் மருத்துவர் கண்ணைப் பார்த்துவிட்டு உடனே கைவிரல்களைத் திருப்பிப் பார்த்தார். "நெயில் பாலிஷ் போடறீங்களா?" நெயில் பாலிஷில் உள்ள பிசின் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது விரலில் தெரிய வேண்டும் என்பதில்லையாம். நகத்தைச் சுற்றியுள்ள தோல் தடிப்பானது. பூச்சு முழுதாகக் காயும் முன் குழந்தை கண்ணைக் கசக்கும், இமைத் தோலோ மிக மெல்லியது. அதனால் இமையிலும் கழுத்திலும்தான் முதலில் தெரியும். நெயில் பாலிஷை நிறுத்தி, எழுதிக்கொடுத்த களிம்பைப் போட்டதும் சரியானது. தாத்தா சந்தேகப்பட்டதும் தப்பு, பாட்டி சந்தேகப்பட்டதும் தப்பு, எனக்குத் தோன்றவே இல்லை. இந்த முடிவு மூன்று பேருக்கும் சமமாக இருந்ததால் வீட்டில் ஒரு வாரம் அமைதி.

அதற்குப் பிறகு நகத்துக்கு நீரில் கரையும் வகை மட்டும், அதுவும் உரித்தால் மெல்லிய படலமாக வந்துவிடுவது. வழக்கமான பாலிஷை நீக்கும் திரவம் குழந்தைகள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கவே கூடாது. குடித்தால் ஆபத்து, தீயும் பிடிக்கும். ஜெல் நகப்பூச்சு எந்தச் சின்னக் குழந்தைக்கும் வேண்டாம். அதில் உள்ள அக்ரிலேட் என்ற பிசின் வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பின்னாளில் பல் அடைப்பு முதலிய வைத்தியங்களில் வரும் அக்ரிலேட்டும் தொந்தரவு தரலாம். உடம்பில் வரையும் கறுப்பு 'மருதாணி' வடிவங்களும் அப்படித்தான், கறுப்புக்காகச் சேர்க்கும் தலைச்சாய வேதிப்பொருளான பிபிடி கொப்புளமே கிளப்பும், அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் கூட வரும். இன்னொன்று, கைவேலைக்கு விற்கும் மினுமினுப்பை முகத்தில் ஒட்டக் கூடாது. துகளின் ஓரம் கூர்மையானது, கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறும். ஓவிய வண்ணத்தின் மேல் 'நச்சற்றது' என்று எழுதியிருக்கும். அது காகிதத்துக்கான உத்தரவாதம், தோலுக்கானது இல்லை.

புதுப் பொருள் எது வந்தாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டளவு தடவி மூன்று நாள் விடுகிறேன். ஒவ்வாமை அன்றே தெரியாது, மூன்றாம் நாள்கூடத் தலைகாட்டும், அதனால் அவசரப்படுவதில் பயனில்லை. பொறுமையில்லாத மகளுக்கு அந்தக் காத்திருப்பே விளையாட்டாகிவிட்டது, தாத்தாதான் 'ஆய்வாளர்', தினமும் காலையில் கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இந்தப் பதவி பிடித்துப்போனது. எதிர்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு வேலை கிடைத்தது, அதிகாரமும் சேர்ந்து கிடைத்தது. உதடோ இமையோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும் கழுவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பதையும் இரண்டு வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கலைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா ஈரத்துண்டால் அழுத்தித் தேய்த்துவிடுவார். சாயத்தைவிட அந்தத் தேய்ப்புதான் பல நாள் கன்னத்தைச் சிவக்க வைத்தது. பஞ்சில் குழந்தைகளுக்கான எண்ணெய் தொட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு தண்ணீர். முகத்தைக் கழுவுவது தண்டனையாகத் தெரியாத வேகத்தில்.

இவையெல்லாம் பேசித் தீர்ந்தவை. தீராதது என் மகன் விஷயத்தில் வந்தது. அக்கா பூசினால் அவனுக்கும் வேண்டும். மீசை வரைந்தவரை சிரித்த அப்பா, அவன் விரல்களில் ஊதா நிறத்தைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. ஆச்சரியம், அத்தையும் சிரிக்கவில்லை. "பையனுக்கு எதுக்கு இதெல்லாம்?" அந்த ஒரு கேள்வியில் இருவரும் முதல் முறையாக ஒரே அணியில் நின்றார்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் பலர் முடியையும் உடையையும் வைத்துத்தான் ஆண், பெண் என்று சொல்வார்கள். தோற்றம் மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்பது ஏறத்தாழ ஆறேழு வயதுக்குள் உறுதிப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் 1966-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரியவர்கள் ஊதா நகத்தைப் பார்த்துப் பயப்படுவது அந்த மூன்று வயதுக் கணக்கில்தான் என்று எனக்குத் தோன்றியது, நல்லவேளை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னது: "அவனுக்கு அது கலர். நாம ஏதாவது சொன்னாத்தான் அது வேற ஏதோ ஆகும்." அத்தை அடுத்த வாரமே விட்டுவிட்டார். அப்பா இன்றுவரை அவன் விரலைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார். திட்டாமல் பேச்சை மாற்றுவதே எனக்குப் போதும்.

எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடத்த முயல்வதை விட்ட பிறகு நிம்மதி வந்தது. தோல், கண், உடம்பு சம்பந்தப்பட்டதில் பெற்றோர் சொல்வதே முடிவு, இரண்டு தாத்தா பாட்டி வீட்டிலும். பிடிக்கும் பிடிக்காது சம்பந்தப்பட்டது அந்தந்த வீட்டுக்காரர் விருப்பம். அப்பா வீட்டில் ஒப்பனைப் பெட்டி திறக்காது. "தாத்தா வீட்ல கிடையாது" என்று சொன்னபோது மகள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கு இரண்டு விதி என்பது குழந்தைகளுக்குச் சாதாரணம், நமக்குத்தான் அது தோல்வியாகத் தெரிகிறது. ஆனால் பெட்டி வேண்டாம் என்று சொல்லலாம், குழந்தையை அசிங்கம் என்று சொல்லக் கூடாது. அந்தச் சொல் எந்த வீட்டிலும் கிடையாது. அதேபோல "அழகா இருக்கே"க்குப் பதில் "இன்னைக்கு நீங்க யாரு?" என்று கேட்பது. இது பழக நாளாகும். அத்தை இன்னும் பாதி நாள் மறந்துவிடுவார், பாதி நாள் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்.

புகைப்படத்தில் மட்டும் நான் வளையவில்லை. பூசிய முகத்தைப் படமெடுத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அத்தைக்கு ஆசை. முதல் படத்துக்கு வந்த பதில்களில் பாதி "ஹீரோயின்" வகையறா, மீதி "இந்த வயசுலயேவா?" வகையறா. இரண்டையுமே மகளுக்கு யாரோ வாசித்துக் காட்டினார்கள். அதன் பிறகு இரண்டு நாள் அவள் கண்ணாடி முன் வேறு மாதிரி நின்றாள், தலையைச் சாய்த்து, உதட்டைக் குவித்து. அப்பா முதலில் சொன்ன பயத்தின் வாலை அந்த இரண்டு நாளில் பார்த்தேன். அன்றிலிருந்து படம் எடுக்கலாம், வீட்டுக்குள் பார்த்துச் சிரிக்கலாம், வெளியே அனுப்பக் கூடாது.

இப்போது பள்ளி மேடை நிகழ்ச்சி ஒன்று வருகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே தூரிகை, ஒரே லிப்ஸ்டிக் என்று கேள்வி. கண்நோயும் உதட்டுக் கொப்புளமும் அப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும். ஆகவே, வீட்டில் சோதித்துப் பார்த்த பொருளையும் தனித் தூரிகையையும் பையில் வைத்து அனுப்பலாமா என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன், அவர் சரி என்றுவிட்டார். மேடைக்கு அவ்வளவு பூச வேண்டுமா என்று அப்பா தொடங்கியிருக்கிறார். அத்தை ஏற்கெனவே தூரிகை வாங்கிவிட்டார்.